ஸ்கானரில் தீர்மானமாகும் பதாகை

யாழ்ப்பாணத்தில் வின்சர், ராஜா, மனோகரா முதலிய திரையரங்குகளின் முகப்பில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கட்டவுட்டாக நின்ற காலத்தில், கையகலப் படத்தை ஆளுயரத்துக்கு மேல் வளர்ப்பது ஓவியரின் வேலை. படத்தின்மேல் சிறு கட்டங்களும் பலகையில் அதே எண்ணிக்கையில் பெருங்கட்டங்களும் கோடிட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றி வரைவது கட்டவுட் தொழிலில் பரவலாக இருந்த முறை. ஆனால் கட்டங்கள் அளவை மட்டுந்தான் தரும். சிறு படத்தில் கறுப்புத் திட்டாகக் கிடந்த கண்ணுக்குப் பலகையில் இமையும் ஒளிப்பொட்டும் வந்தது ஓவியரின் கையறிவால். இன்று அந்த இடத்தில் நிற்கும் பிளெக்ஸ் இயந்திரத்துக்குக் கண் எது, காது எது என்று தெரியாது. கோப்பில் உள்ள புள்ளிகளை விரித்துப் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. பெரிதாக்கும் பொறுப்பு பலகையிலிருந்து ஸ்கானருக்கு மாறிவிட்டது என்பதே என் வாதம். இந்த மாற்றம் யாழ்ப்பாணத்தைப் போல வேறு ஊர்களைப் பாதித்திருக்குமா என்பது சந்தேகம்.

காரணம், இங்கே எஞ்சிய படங்கள் சிறியவை. 1981இல் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும், அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். அல்பம் வீட்டில் கிடந்தது. சோதனைச்சாவடிகளுக்குத் தேவையான அடையாள அட்டை உடம்போடு போனது. பல குடும்பங்களில் பெற்றோரின் ஒரே முகம் அந்த அட்டையில் உள்ளதுதான். அதே முகம்தான் மரண அறிவித்தலுக்கும், ஒழுங்கை முகப்பில் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும், அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்னும் நினைவு மலருக்கும் வேண்டியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 35 மில்லிமீற்றர் அகலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கான் செய்தால் குறுக்கே 413 புள்ளிகள் கிடைக்கும். கல்வெட்டில் ஒன்றரை அங்குலத்தில் போட இது போதும். நான்கடிப் பதாகையில் விரித்தால் அங்குலத்துக்கு ஒன்பது புள்ளிகூட வராது. 1200இல் எடுத்திருந்தால் முப்பத்துநான்கு வரும். ரொறன்ரோவிலுள்ள மகன் அதே படத்தைக் கைபேசியில் பிடித்து வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது வழியில் இன்னும் சுருங்குகிறது. கோப்பாக இணைத்து அனுப்பினால் சுருங்காது.

பதாகையைத் தூரத்திலிருந்துதானே பார்க்கிறார்கள், அத்தனை புள்ளி எதற்கு என்று அச்சுத்தொழிலில் உள்ளவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பத்தடித் தூரத்தில் நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு அங்குலத்துக்கு முப்பது புள்ளியளவே பிரித்தறிய முடியும். பெரிய பதாகைக்கும் 300 வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது கோப்பை வீணே பருக்க வைக்கும். ஆனால் அந்த முப்பதை வைத்துப் பார்த்தாலும் 413 புள்ளிகள் பதினான்கு அங்குலத்துக்குமேல் தாங்காது. அஞ்சலிப் பதாகை நெடுஞ்சாலை விளம்பரமும் அல்ல. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று முகத்தைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது: இல்லாத விவரத்தை இப்போது செயற்கை நுண்ணறிவு நிரப்புகிறதே, கட்டவுட் ஓவியர் செய்ததும் அதுதானே? இரண்டும் ஒன்றல்ல. எம்.ஜி.ஆரின் கண் எப்படி இருக்கும் என்று ஓவியருக்கும் தெரியும், பார்த்த சனத்துக்கும் தெரியும்; வரைந்த படம் ஓவியம் என்பதை யாரும் மறைக்கவுமில்லை. ஓர் அம்மம்மாவின் கண்ணை அவரை அறியாத நிரல் ஊகித்து வரைந்தால், அடுத்த தலைமுறை அதையே அவருடைய முகமாக நம்பும். பழைய பத்திரிகையிலிருந்து எடுக்கலாமே என்பதும் உதவாது. அதில் படம் அங்குலத்துக்கு 65 முதல் 85 வரையான புள்ளித்திரையில் அச்சானது. இரண்டங்குலப் படத்தில் குறுக்கே அதிகபட்சம் 170 அச்சுப்புள்ளிகளே இருக்கும். எவ்வளவு கூர்மையாக ஸ்கான் செய்தாலும் மைப்புள்ளிதான் துல்லியமாகத் தெரியும், முகம் தெரியாது.

2005 முதல் நூலகம் திட்டம் நினைவு மலர்களையும் சேர்த்தே ஈழத்து எழுத்தை எண்ணிமமாக்கி வருகிறது. வாசிப்பதற்கு அந்தப் பக்கங்கள் போதும். முகங்களுக்கு அவை போதாது; கல்வெட்டு அச்சான பிறகு அல்ல, அதற்காக அச்சுக்கடைக்குப் படம் கொண்டுவந்த அன்றே மூலத்தை 1200இல் எடுக்க வேண்டும். சுருக்காமல் வைத்தாலும் அந்த ஒரு முகம் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான் வரும். வேலை முடிந்ததும் அடையாள அட்டை குடும்பத்தோடு வீட்டுக்குப் போய்விடும்; அதன் பிறகு கடையில் இருப்பது அன்று எடுத்த கோப்பு மட்டும்.