சூடேறும் எஞ்சினும் கண் சொருகும் டிரைவரும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. இரவானால் இங்கே லாரிப் போக்குவரத்து இன்னும் கூடும். அப்படிப் போகும் ஒவ்வொரு லாரியிலும் களைத்துப்போகிறவை இரண்டு: வண்டி, அதை ஓட்டும் ஆள். இந்த இரண்டின் உள்நிலையை எப்படி அளக்கிறோம், எப்படிப் பேசுகிறோம், கடைசியில் எதற்காக வண்டியை ஓரங்கட்டுகிறோம் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பரிவு எந்த வழியில் போகிறது என்பது விளங்கும்.

முதலில் அளவு. எஞ்சின் சூட்டுக்கு ஒரு முள், பிரேக் காற்றுக்கு ஒரு முள். டயருக்கு இரும்புக் கம்பி போதும். தட்டினால் காற்று இறங்கிய டயர் மந்தமான சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வண்டி பொய் சொல்லாது. ஓட்டுபவரின் தூக்கக் கலக்கத்துக்கும் அளவுகோல் உண்டு. 1990-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கரோலின்ஸ்கா அளவுகோல் 1 முதல் 9 வரை போகிறது. தூக்கத்தோடு மல்லுக்கட்டி விழித்திருப்பது 9. ஆனால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டியவர் டிரைவரேதான். இமை மூடுவதையும் கை தாமதிப்பதையும் வெளியிலிருந்து அளக்கலாம், அவையெல்லாம் அடையாளங்கள். அலுப்பு அவருக்குள்தான் இருக்கிறது.

இந்த இடைவெளி கருவியால் மட்டும் அடைபடாது. ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உலோகங்களின் மின் துலங்கலை விளக்கினார். மறு ஆண்டு அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். உலோகத்தைத் தொடர்ந்து தூண்டினால் துலங்கல் குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மீள்கிறது, வரைகோடு தசையின் களைப்பைப் போலவே இருக்கிறது என்று காட்டினார். கோடுகள் ஒத்துப்போயின. அதனால் உலோகத்துக்கு அலுப்புத் தெரிந்தது என்று ஆகிவிடாது.

அடுத்தது பேச்சு. இங்கே நிலைமை தலைகீழ். மேட்டில் திணறும் லாரியை “மூச்சு வாங்குது” என்பார் டிரைவர். நின்றுபோனால் “மக்கர் பண்ணுது”. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றித் திருஷ்டி கழிப்பதும் உண்டு. அதே டிரைவரிடம் “தூக்கம் வருதா?” என்று கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, ஒரு டீ போட்டா ஓடிரும்” என்பார். வண்டியை மனிதனாகப் பேசுகிறவர் தன்னை வண்டியாகப் பேசுகிறார்.

வண்டியை மனிதனாகப் பார்ப்பது அறியாமை அல்ல. 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இருவர், முக்கோணங்களும் வட்டமும் நகரும் சிறு படம் ஒன்றை 34 பேருக்குக் காட்டினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் அதை உயிருள்ளவற்றின் கதையாகவே சொன்னார்கள். அசைகிற வடிவத்துக்கே மனம் தரும் நமக்கு, சோறு போடுகிற லாரியிடம் மனம் இளகுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, செயல். சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் வண்டி ஓரங்கட்டப்படும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் செலவு எவ்வளவு என்று ஓனருக்குத் தெரியும், “ஏன் நிறுத்தினே?” என்று கேட்கமாட்டார். டிரைவருக்கு அப்படி ஒரு முள் இல்லாததால் சட்டம் கடிகாரத்தை நம்பியது. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தியது. ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவர் அதன் வரம்புக்கு வெளியே நின்றார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அனுபவம் எங்கே இருக்கிறதோ அங்கே அளவு மங்கலாக இருக்கிறது. அளவு துல்லியமாக இருக்கும் இடத்தில் அனுபவம் இருப்பதற்குச் சான்றில்லை. நம் பரிவோ முள் காட்டும் பக்கம் சுலபமாகச் சாய்கிறது. ஆகவே பரிவு பிறந்துவிட்டது என்பதை எதிரே உணர்வு இருப்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. மனிதரைப் போலவே பேசும் கணினி நிரல்கள் வந்துவிட்ட இந்த நாளில் இதை நினைவில் வைப்பது நல்லது.

லாரிக்கு மாலை போடுங்கள், தப்பில்லை. ஆனால் நள்ளிரவில் போன் செய்து “கண்ணு சொருகுது ஓனர், ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வரேன்” என்று டிரைவர் சொன்னால், அதைச் சிவப்பில் நிற்கும் முள்ளாக எடுத்துக்கொள்ளுங்கள். லோடு காலையில் இறங்கட்டும்.