சுவரெழுத்து: பெரம்பலூர்–அரியலூர் வட்டாரம்

கட்சியோ இயக்கமோ தன் கோரிக்கையையும் கண்டனத்தையும் பொதுச்சுவரில் எழுதிவைப்பது சுவரெழுத்து. வெள்ளையடித்த சுவரில் காவியும் நீலமும், அவசரத்துக்குக் கரியும் தாரும் இதன் மைகள். பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே இவ்வட்டாரத்தில் இது வேரூன்றியது. இங்கே புதிதாக எழுதியதைவிட, எழுதியிருந்ததை அழித்ததும் மறைத்ததுமே பெரிய போராட்டங்களாயின.

1952 முதல் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளின் இந்தி எழுத்துகளைத் திராவிடர் கழகத்தாரும் திமுகவினரும் தார்பூசி அழித்தனர். 1953 ஜூலை 15 அன்று, அரியலூருக்கும் திருச்சிக்கும் இடையிலுள்ள டால்மியாபுரம் நிலையத்தில் மு. கருணாநிதி தலைமையில் சென்றவர்கள் பலகையின்மேல் ‘கல்லக்குடி’ என்றெழுதிய தாளை ஒட்டினர். சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரை எடுத்துவிட்டு ஊரின் பழைய பெயரை வைக்கவேண்டும் என்பது கோரிக்கை. அன்று கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததையே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். போராட்டத்தின் பொருளோ அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. திமுக ஆட்சிக்கு வந்தபின் அப்பெயரே அரசுப் பெயரானது.

1956 நவம்பர் 23 விடியலில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சர் ஓ. வி. அழகேசனைக் குறிவைத்துத் திமுகவினர் எழுப்பிய முழக்கம் தமிழ்ச் சுவரெழுத்தின் இலக்கணத்துக்கே எடுத்துக்காட்டு: “அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா? மக்கள் மாண்டது போதாதா?” அழகேசன் செங்கல்பட்டுக்காரர், அரியலூருக்கும் அவருக்கும் விபத்தைத் தவிர ஒட்டுறவில்லை. ஆயினும் மோனை ஊரை அவர் பெயரோடு ஒட்டவைத்தது. ‘ஆண்டது’, ‘மாண்டது’ என்ற எதுகை குற்றச்சாட்டையே சொல்லிமுடித்தது. ஓடும் பேருந்திலிருந்து ஒருமுறை பார்த்தாலே மனப்பாடமாகிவிடும். நியாயமான குற்றச்சாட்டா என்பது வேறு கேள்வி.

1964 ஜனவரி 25 அன்று இவ்வட்டாரத்துக் கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்தார். மறு ஆண்டு மாணவர் போராட்டத்தில் ‘தமிழ் வாழ்க, இந்தி ஒழிக’ என்பது தமிழகமெங்கும் சுவரேறியது.

1959ஆம் ஆண்டுச் சட்டமொன்று பொது இடங்களை எழுத்தாலும் சுவரொட்டியாலும் உருக்குலைப்பதைத் தடுக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஊழியர்கள் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். கட்சிகளோ ஓரத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரைப் பிடித்துவைக்கின்றன. பிளெக்ஸ் பலகை வந்தபின் ஓவியர்களின் வேலை குறைந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதா 2017இல் இறந்தபோது, மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்கு எழுந்த எதிர்ப்பு அச்சுப் பதாகைகளிலும் கைபேசித் திரைகளிலுமே மிகுதியாகப் பரவியது.

தார் மட்டும் ஓயவில்லை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி ரயில் நிலையப் பலகையின் இந்தி எழுத்தைத் திமுகவினர் மீண்டும் கறுப்பு பூசி மறைத்தனர். ரயில்வே ஊழியர்கள் அதைத் திரும்ப எழுதினர்.