திட்டமும் மக்களும்: ஆர்ச்வே விட்டிங்டன் மருத்துவமனை தரும் நிர்வாகப் பாடம்

மருத்துவமனை நிர்வாகம் என்பது கட்டடங்களையும் கருவிகளையும் கணக்குகளையும் பேணும் வேலை என்றே பொதுவாக எண்ணப்படினும், அத்துறையின் கல்வி மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. ஒரு நிறுவனத்தில் பணிபுரிவோர் தனியாகவும் குழுவாகவும் ஏன் இன்னவாறு நடந்துகொள்கின்றனர் என்று ஆராய்வது நிறுவன நடத்தையியல். யாருக்கு என்ன தேவை என்பதை அறிந்து, அத்தேவைக்கேற்பச் சேவையை அமைத்து, அதை உரியவரிடம் கொண்டு சேர்ப்பது சந்தைப்படுத்தல். இருக்கும் வளத்தைக் கொண்டு வருங்காலத்தில் எதைச் செய்வது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்வது மூலோபாயத் திட்டமிடல். இம்மூன்றில் ஒன்று பிசகினும் மற்ற இரண்டும் பயன்தரா என்பதை வடலண்டனின் ஆர்ச்வேயில் உள்ள விட்டிங்டன் மருத்துவமனையின் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

ஹைகேட் குன்றின் சரிவில் அமைந்துள்ள இம்மருத்துவமனை ஒரே காலத்தில் ஒரே நோக்கத்துடன் எழுந்ததன்று. கிங்ஸ் கிராஸ் பகுதியில் இரயில் நிலையத்துக்கு இடம்விட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குக் குடிபெயர்ந்த பெரியம்மை மருத்துவமனையின் இடத்தில் பின்னர் எழுந்த மருத்துவமனை ஒன்று. ஏழைகளுக்கான சட்டத்தின் கீழ் வறியோருக்கு மருத்துவம் அளிப்பதற்காக அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட மருத்துவமனைகள் இரண்டு. ஆக மூன்று நிறுவனங்கள், தேசிய சுகாதார சேவை தோன்றிய 1948இல் ஒன்றாக இணைக்கப்பட்டு, இலண்டன் நகரின் மேயராக விளங்கிய ரிச்சர்ட் விட்டிங்டனின் பெயரைப் பெற்றன. நிறுவனங்களை ஆணையால் ஒரு நாளில் இணைத்துவிட முடியும். அவற்றில் பணிபுரிவோரின் பழக்கங்களையும் பற்றுகளையும் இணைப்பதற்கோ பல ஆண்டுகள் ஆகும் என்பது இணைப்புகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மையாகும்.

பணியாளரின் மனநிலையை ஆராய்வதில் இலண்டனுக்குத் தனியிடம் உண்டு. டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த இசபெல் மென்சீஸ், இலண்டன் போதனா மருத்துவமனை ஒன்றின் தாதியரிடையே நடத்தி 1960ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வில், நோயும் மரணமும் தரும் பதற்றத்திலிருந்து தப்புவதற்காகவே மருத்துவமனை தன் வேலைமுறையை வகுத்துக்கொள்கிறது என்று காட்டினார். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்காமல் பலருக்கும் சிறுசிறு பணிகளைச் செய்வதும், நோயாளியைப் பெயரால் அன்றிப் படுக்கை எண்ணால் குறிப்பிடுவதும் அத்தகைய தற்காப்புகளே; அவை பதற்றத்தைத் தணிப்பதற்கு மாறாகப் பணியின் நிறைவைப் பறித்து, பயிற்சித் தாதியர் பலர் விலகிச் செல்லக் காரணமாயின. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நேர்ந்த கொடிய கவனக்குறைவுகளைப் பற்றி 2013இல் வெளியான பிரான்சிஸ் விசாரணை அறிக்கையும், நிதியிலக்குகளில் கண்வைத்த நிர்வாகம் நோயாளியின் குரலையும் பணியாளரின் எச்சரிக்கையையும் செவிமடுக்கத் தவறியதையே சுட்டிக்காட்டியது. தவறு நேர்ந்தால் அஞ்சாமல் எடுத்துச் சொல்லும் சூழலே நோயாளியின் பாதுகாப்புக்கு முதல் அரண்.

சந்தைப்படுத்தல் என்ற சொல் மருத்துவத்துக்குப் பொருந்தாதது போலத் தோன்றலாம். எனினும் 1971இல் பிலிப் கோட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் சமூகச் சந்தைப்படுத்தல் என்ற கருத்தை முன்வைத்தபோது, பொருளை விற்பதற்கென வளர்ந்த முறைகளை மக்கள் நலனுக்கும் பயன்படுத்தலாம் என்றே வாதிட்டனர். இதற்குத் தமிழ்நாட்டில் சிறந்த சான்று உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிகிச்சையை இலவசமாக அளித்தாலும் பலர் வருவதில்லை என்பதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தது. பயணச் செலவும், இழக்கும் கூலியும், துணைக்கு ஆளின்மையும், அச்சமுமே தடைகள் என்பது தெரிந்தபின், ஊர்தோறும் முகாம் நடத்தி நோயாளிகளை அழைத்து வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஊர் கொண்டு சேர்க்கும் முறையை வளர்த்தது. 1992இல் ஆரோலேப் ஆலையை நிறுவிக் கண்ணுள் வைக்கும் வில்லையின் விலையையும் வெகுவாகக் குறைத்தது. நோயாளியின் வாழ்க்கையை அறிவதே மருத்துவச் சந்தைப்படுத்தலின் உட்பொருள். விளம்பரம் அதன் ஒரு சிறு கூறு மட்டுமே.

மூலோபாயத் திட்டமிடலின் பாடத்தை ஆர்ச்வே மக்கள் வீதியில் இறங்கியே எழுதினர். விட்டிங்டனின் அவசர சிகிச்சைப் பிரிவை மூடும் யோசனை எழுந்தபோது, 2010 பெப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே அது கைவிடப்பட்டது. நிதி நிர்வாகத்தில் கூடுதல் தன்னாட்சி தரும் தகுதியைப் பெறும் நோக்குடன், கட்டடங்கள் சிலவற்றை விற்றுப் படுக்கைகளையும் பணியிடங்களையும் குறைக்கும் திட்டம் 2013இல் வெளியானபோதும் மக்கள் மீண்டும் திரண்டனர். அதுவும் மறுபரிசீலனைக்கு உள்ளாகி மாற்றப்பட்டது. திட்டமிட்டோரின் வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. முதியோரையும் நாட்பட்ட நோயாளரையும் படுக்கையில் கிடத்துவதிலும் வீட்டருகே கவனிப்பதே நன்று என்பதை மருத்துவர் பலரும் ஏற்பர். ஆயினும் படுக்கைகளுக்கு ஈடாக என்ன வரப்போகிறது என்பதை அறியாத மக்கள், இருப்பதையும் இழக்கப்போகிறோம் என்று அஞ்சியது இயல்பே.

வீட்டருகே கவனிக்கும் அதே நோக்கம் மக்களின் கண்முன் உருப்பெற்றபோது நிலைத்தது. 2011 ஏப்ரலில் இம்மருத்துவமனையும் இஸ்லிங்டன், ஹாரிங்கே ஆகிய இரு நகராட்சிப் பகுதிகளின் சமூக மருத்துவச் சேவைகளும் ஒரே அமைப்பாக இணைந்து விட்டிங்டன் ஹெல்த் உருவானது. 2014இல், நோயாளியை இரவு தங்கவைக்காமல் அன்றே பரிசோதித்துச் சிகிச்சை அளித்து வீட்டுக்கு அனுப்பும் பகல்நேரச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. ஒரே கருத்து ஒருபுறம் எதிர்ப்பையும் மறுபுறம் ஏற்பையும் பெற்றதற்குக் காரணம், முன்னதில் இழப்பு முதலில் தெரிந்ததும் பின்னதில் பயன் முதலில் தெரிந்ததுமே ஆகும்.

ஆர்ச்வே சாலையில் முருகன் கோயில் எழுப்பி இப்பகுதியைத் தமக்குரிய இடமாக ஆக்கிக்கொண்ட தமிழருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. மொழித் தடையால் நோயை மறைக்கும் முதியவர், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம் என்பதை அறியாத தாய், சர்க்கரை நோய்க்கான உணவு அறிவுரையைச் சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்ப எவரும் சொல்லாததால் அதைக் கைவிடும் தந்தை ஆகியோரின் தேவை திட்டமிடுவோரின் மேசைக்குத் தானாக வந்து சேராது. சேவைகளை மாற்றும்போது பொதுமக்களை ஈடுபடுத்த வேண்டுமென 2006ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவைச் சட்டம் கடமை விதிக்கிறது. மக்களின் கருத்தைத் திரட்டுவதற்கென 2013இல் இங்கிலாந்தின் உள்ளூராட்சிப் பகுதிதோறும் ஹெல்த்வாட்ச் என்ற அமைப்பு நிறுவப்பட்டது. ஆகவே தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் மக்களின் கருத்தறியும் கலந்தாய்வுகளுக்குத் தம்மவரை அனுப்பி, தம் மூத்தோரின் தேவைகளை எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும். மக்கள் வாய் திறந்தால்தான் மருத்துவமனையின் திட்டம் மக்களுக்கான திட்டமாகும்.