பாண்டியன் போட்ட கும்பிடு

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசி வழியாகத் திரும்புகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. "அடேயப்பா, எத்தனை உயரம்!" என்பார்கள். உயரமாகக் கட்டிவிடலாம் ஐயா, கட்டியது நிற்க வேண்டுமே!

பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கியது 1446-ல். கோபுர வேலை 1457-ல் ஆரம்பமாயிற்று. அது முடிவதற்குள், 1463-ல், மன்னன் காலமானான். தம்பி குலசேகர பாண்டியன் தொடர்ந்து கட்டி முடித்தான்.

நம் கோபுரங்களைக் கட்டிய ஸ்தபதிகளின் கணக்கு எளிமையானது. பாரம் வந்து இறங்கும் அடிப்பகுதிக்குக் கருங்கல். அதற்கு மேலே கனம் குறைந்த செங்கல். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடக் குறுகல். செங்கலைப் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கலப்பார்கள். அந்தக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, வருஷக்கணக்கில் மெள்ள மெள்ளக் கல்லாக இறுகும். சுவருக்குள் புகுந்த ஈரத்தை வெளியே விடவும் செய்யும். சாரல் அடிக்கிற சீமையில் இது சின்ன விஷயமா?

ஆனால், ஒரு விரிசல் கண்டுவிட்டால் ஆபத்துதான். காக்கை எச்சத்தோடு விழுந்த அரச விதை அதில் முளைக்கும். வேர் உள்ளே இறங்கும். வேரின் வழியே மழைநீரும் இறங்கும். "பாரத்தால விழுற சுவரு கொஞ்சம்யா, தண்ணியால விழுறதுதான் அதிகம்" என்று வயதான கொத்தனார் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு.

தென்காசிக் கோபுரத்துக்கோ நெருப்பு எமனாக வந்தது. 1824-ல் அது தீக்கிரையாயிற்று. பிளந்து, மொட்டைக் கோபுரமாகத் தலைமுறை தலைமுறையாக நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது.

இப்படி ஒரு நாள் வரும் என்று பாண்டியனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ! 'என் கோயில் அழியாது' என்று அவன் மார்தட்டவில்லை. இந்த ஆலயத்துக்குக் குறை ஏதும் நேர்ந்தால், அதைப் போக்கிக் காப்பாற்றுகிறவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிவதாகக் கல்வெட்டில் பாட்டாகவே பொறித்து வைத்தான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத ஒரு கொத்தனுக்கு முன்கூட்டியே போட்ட கும்பிடு அது. கல்லும் காரையும் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று கண்டவன் அவன்.

எத்தனையோ ஊர்களில் கோயில் மதிலில் அரசங்கன்று தளிர்விட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். "அழகாயிருக்கிறதே!" என்று ரசித்துவிட்டு நடந்தும் இருக்கிறேன். பாண்டியன் கும்பிட்டது நிச்சயமாக என்னை அல்ல.