தாமோதர மேட்டின் ஓடுபாதை

ஸ்ரீநகருக்குத் தெற்கே, புட்காம் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது தாமோதர உடர். ‘உடர்’ என்னும் காஷ்மீரிச் சொல் பள்ளத்தாக்கின் படிவு மண்ணாலான மேட்டுநிலத்தைக் குறிக்கும். கல்ஹணரின் ராஜதரங்கிணி தாமோதரன் என்னும் அரசனோடு இணைத்துப் பேசும் இம்மேட்டின் மீதுதான் இன்றைய ஸ்ரீநகர் விமானப்படைத் தளம் அமைந்துள்ளது.

1947 அக்டோபர் 27 காலை, முதலாம் சீக்கிய பட்டாலியனை ஏற்றிக்கொண்டு தில்லியிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானிகளுக்கு, இறங்கவேண்டிய களம் எவர் வசம் இருக்கிறது என்பதே உறுதியாகத் தெரியாது. களம் காப்பாற்றப்பட்டிருந்தது. ஆனால் ஒரே வாரத்தில் ஆபத்து அதன் வாசலுக்கே வந்தது. நவம்பர் 3 அன்று புட்காமில், குமாவோன் படைப்பிரிவின் 4ஆம் பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் சோம்நாத் சர்மா, மாவுக்கட்டிட்ட கையோடு தம் கம்பெனியை வழிநடத்தினார். எதிரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஏழு மடங்கு. அவர் வீழ்ந்தார், துணைப்படைகள் வந்து சேர்வதற்கான நேரம் கிடைத்தது, ஓடுபாதை பிழைத்தது. முதல் பரம் வீர் சக்ரா அவருக்கே வழங்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாட்டை ஒட்டி, வான்காப்புப் போர் விமானங்கள் எவையும் இத்தளத்தில் நிலைநிறுத்தப்படவில்லை. இதன் விலை 1971இல் வெளிப்பட்டது. போர் மூண்ட பின்னரே வான்காப்புப் பணியேற்ற 18ஆம் ஸ்குவாட்ரனின் நாட் விமானிகளுக்கு அந்த நிலமும் உயரமும் கடுங்குளிரும் பழக்கமற்றவை. டிசம்பர் 14 அன்று ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே மேலெழுந்தார் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். இரு விமானங்களைத் தாக்கிய பின் அவரது நாட் வீழ்ந்தது. விமானப்படை பெற்ற ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது.

2019 பிப்ரவரி 27 அன்று, 51ஆம் ஸ்குவாட்ரனின் மிக்-21 பைசன் விமானங்கள் இங்கிருந்து எழுந்து வான்போரில் ஈடுபட்டன. அபிநந்தன் வர்த்தமானின் பெயர் நாடெங்கும் பரவியது. அதே காலையில், தளத்தைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த ஏவுகணை, 154ஆம் ஹெலிகாப்டர் பிரிவின் எம்ஐ-17 ஒன்றை எதிரி விமானமெனக் கருதி வீழ்த்தியது. விமானப்படையினர் அறுவரும் தரையிலிருந்த குடிமகன் ஒருவரும் மாண்டனர். ஹெலிகாப்டர் விழுந்த இடமும் புட்காமே. அது தங்கள் தரப்பின் பெரும் தவறு என்று அவ்வாண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி பதௌரியா வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

51ஆம் ஸ்குவாட்ரன் 2022 செப்டம்பரில் ஓய்வுபெற்றது. பின்னர் மிக்-29 விமானங்கள் அவ்விடத்தை நிரப்பின. விமானங்கள் மாறுகின்றன, தளத்தின் தேவை மாறவில்லை. 1971இல் குறையாக இருந்தது நிலத்தோடு பழக்கம். 2019இல் தவறிப்போனது நம்மவரை நம்மவரே இனங்காணும் முறை. இரண்டுமே வீரத்தால் ஈடுசெய்யக்கூடிய குறைகள் அல்ல. ஆகவே, இரு பரம் வீர் சக்ராக்களை மட்டும் சொல்லி முடியும் வரலாறு இத்தளத்தின் பாதி வரலாறே. அந்த எழுவரின் மரணமும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.