குமுஸ்தா

பிலிப்பைன்ஸ் தீவுகளில் வழங்கும் தகலாகு பாஷையைப் பயிலத் தொடங்குவோர் முதலிலேயே பழகிக்கொள்ளும் பதங்களுள் ஒன்று 'குமுஸ்தா' என்பது. 1565-ஆம் ஆண்டில் லெகாஸ்பியின் தலைமையில் அங்கே குடியேறத் தொடங்கிய ஸ்பானியர், ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரிக்கையில் வழங்கிய 'கோமோ எஸ்தா' என்னும் இரு சொற்களே, சுதேசிகளின் வாயில் இணைந்து குறுகி இவ்வுருவம் எய்தின. அந்நியச் சொல்லாயினும் அது தகலாகு இலக்கணத்துக்கு முற்றும் வசப்பட்டு, 'குமுஸ்தாஹின்' என்று வினையாகி ஒருவரை நலம் விசாரிப்பதையும், 'குமுஸ்தாஹான்' என்று பெயராகிப் பலர் கூடிப் பரஸ்பரம் விசாரித்துக்கொள்வதையும் குறிப்பது மிகவும் ரசமான விஷயம். தோழனிடம் 'குமுஸ்தா க?' என்றால் போதும். பெரியோரிடமோ, நம்முடைய 'நீங்கள்' போலப் பன்மையால் மரியாதை காட்டும் 'கயோ'வையும், பணிவுக்கென்றே அமைந்த 'போ' என்னும் இடைச்சொல்லையும் சேர்த்து, 'குமுஸ்தா போ கயோ?' என்றுதான் வினவவேண்டும். (தமிழ்க் காதுக்கு அந்தப் 'போ' சற்றே திடுக்கிடச் செய்வதுதான்!) நலமாயிருப்பவர் பணிவுடன் சொல்லும் மறுமொழி, 'மபூத்தி நமன் போ.'