கடல் எல்லையும் கவனக் கடமையும்: மொண்டாரா எண்ணெய்க் கசிவு வழக்கு

கடலடி எண்ணெய்க் கிணறுகளில் நேரும் விபத்துகளுக்கு நிறுவனங்கள் எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விவாதம் பெரும்பாலும் 2010 ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் 11 தொழிலாளரின் உயிரைக் குடித்த டீப்வாட்டர் ஹொரைசன் வெடிப்பிலிருந்தே தொடங்குகிறது. அங்குக் கிணறும் பாதிக்கப்பட்ட கரையும் வழக்குமன்றமும் ஒரே நாட்டில் இருந்தன. கிணறு ஒரு நாட்டிலும் கேடு மற்றொரு நாட்டிலும் அமையும்போது அப்பொறுப்பு என்னவாகிறது என்பதை அறிய, அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் திமோர் கடலில் நேர்ந்த மொண்டாரா விபத்தையே ஆராய வேண்டும்.

தாய்லாந்தின் பிடிடிஇபி நிறுவனத்தினுடைய ஆஸ்திரேலியத் துணை நிறுவனம் இயக்கிய அக்கிணற்றில் 2009 ஆகஸ்ட் 21ஆம் நாள் பீறிட்ட எண்ணெய், 74 நாள்களுக்குப் பின் நவம்பர் 3ஆம் நாள்தான் அடைக்கப்பட்டது. ஆஸ்திரேலிய அரசின் சார்பில் டேவிட் போர்த்விக் நடத்திய விசாரணையில் வெளிப்பட்ட காரணங்களுள் எதுவும் முன்னறிய முடியாததன்று. துளையின் சுவர் சரியாமல் காக்க இறக்கப்படும் எஃகுக் குழாயான உறைக்குழாயின் அடிமுனையில் இட்ட சிமெண்ட் அடைப்பு பழுதுபட்டிருந்தது. அதற்கான அறிகுறிகள் தெரிந்தும் அது முறையாகச் சோதிக்கப்படவில்லை. பொருத்த வேண்டிய இரு அழுத்தத் தடுப்பு மூடிகளுள் ஒன்று பொருத்தப்படவே இல்லை. கண்காணிக்க வேண்டிய அரசுத் துறையும் மெத்தனமாக இருந்தது. இத்தனைக்கும் 2012இல் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட தண்டத்தொகை 5,10,000 ஆஸ்திரேலிய டாலர் மட்டுமே. தண்டனைச் சட்டம் பாதுகாப்பு விதிகளின் மீறலை அளந்ததேயன்றி, இந்தோனேசியக் கரையில் விளைந்த சேதம் அதன் கணக்கில் வரவில்லை.

அக்கரையில், ரோட்டே தீவிலும் குப்பாங் பகுதியிலும், மக்கள் ஆழமற்ற கடலில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்த்து வாழ்ந்தனர். ஏறக்குறைய 45 நாளில் அறுவடைக்கு வரும் அப்பயிர் வெளுத்து அழிந்தது. 15,000க்கும் மேற்பட்டோர் சார்பில் 2016இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில், எண்ணெய் அங்குப் போய்ச் சேர்ந்து கேடு செய்தது என்பதையே நிறுவனம் மறுத்தது. தன் செயலால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என முன்னுணரத்தக்க நிலையில் ஒருவர் காட்டவேண்டிய எச்சரிக்கையைச் சட்டம் கவனக் கடமை என்கிறது. அக்கடமை நாட்டெல்லையோடு முடிந்துவிடுவதில்லை என்பதே 2021 மார்ச்சில் வந்த தீர்ப்பின் சாரம். அதையடுத்து 2022இல் நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர இசைந்தது. இத்தொகை முந்தைய தண்டத்தொகையைப் போல ஏறக்குறைய 377 மடங்கு என்பதே தண்டனைச் சட்டம் எதைக் காணத் தவறியது என்பதற்குப் போதிய சான்று.

ஆயினும் இதை நீதியின் வெற்றி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஒன்றரை மாதப் பயிரை இழந்தவர்கள் 13 ஆண்டுகள் காத்திருந்தனர். எண்ணெய் கரையைத் தொட்டதை மெய்ப்பிக்கும் சுமை, கடல்நீரைச் சோதிக்கும் வசதியற்ற அம்மக்கள் மீதே விழுந்தது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டமோ, இயற்கை வளச் சேதத்தை அரசின் அறங்காவல் அமைப்புகள் மதிப்பிடவும், அதற்கான செலவை மாசுபடுத்தியவரே ஏற்கவும் வகைசெய்கிறது. அச்சட்டமும் தூயநீர்ச் சட்டமும் கையிலிருந்ததால்தான் டீப்வாட்டர் ஹொரைசன் கசிவுக்குப் பொறுப்பான பிபி நிறுவனத்துடன் 2,080 கோடி அமெரிக்க டாலர் அளவிலான உடன்பாட்டை எட்ட முடிந்தது. பன்னாட்டளவிலோ, எண்ணெய்க் கப்பல்களின் கசிவுக்கு 1969 முதலே குடிசார் பொறுப்பு உடன்படிக்கை இருந்தும், கடலடிக் கிணறுகளுக்கு அதற்கு ஈடான ஒன்று உருவாகவில்லை. ஆகவே துளையிடும் உரிமம் வழங்கும் ஒவ்வொரு நாடும், அண்டை நாட்டு அறிவியலாளர் தம் கரையில் உடனடியாகச் சோதனை நடத்துவதற்கான செலவை நிறுவனத்திடமிருந்து முன்வைப்பாகப் பெற்ற பின்னரே கையெழுத்திட வேண்டும்.